ஒன்பதாம் நாள் பிரித்த கட்டு

போன வாரமும் யாரோ அந்த வீடியோவை எனக்கு அனுப்பினார்கள். "இது உங்க தோட்டத்து ஆள்தானே? பாவம்" என்று கீழே ஒரு வரி, அதற்கும் கீழே அழுகிற பொம்மை மூன்று. அனுப்பியவர் நல்லவர்தான். ஆனாலும் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த மனுசியைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது அந்த நாலு நிமிடம்தான். அது முழுப் பொய். பொய்யில் பாதி என்னால் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெயரை எழுத மாட்டேன். நாங்கள் இருவரும் நடத்திய வீடியோ சேனலிலேயே தன் பெயரைப் போடக் கூடாது என்று சொன்னவர் அவர். எனக்கு அவர் அக்கா. குருவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், வரிசை வீடுகள் கொண்ட ஒரே லயத்தில், அவர் காம்பராவுக்கும் எங்கள் காம்பராவுக்கும் நடுவே ஒரு சுவர்தான். இப்போது எம்பிலிப்பிட்டியப் பக்கம் மகளோடு இருக்கிறார் என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை. போனால் என்ன சொல்வார் என்று தெரியும்.

அக்கா முன்னால் யாரும் 'பாவம்' என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. புருசன் செத்த மாதம், வெட்டிய ரப்பர் பாலை நிறுக்கும் இடத்தில் வரிசையில் நின்றிருந்தோம். புதிதாக வந்திருந்த தோட்டத்து ஐயா, "பாவம், அந்த அக்காவுக்கு மொதல்ல நிறுத்து விடுங்க" என்றார். அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டார்.

"நான் கடைசியா நிறுக்கிறேங்க ஐயா. பாவப்பட்டவங்க யாராச்சும் இருந்தா அவங்கள முன்னால விடுங்க."

ஐயாவுக்கு முகம் செத்துவிட்டது. எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இன்னொரு முறை பால்வெட்டுக் கத்தி விரலில் இறங்கி, மருந்து கட்டப் போயிருந்தார். மருத்துவிச்சி சிங்களத்தில் "அனே பவ்" என்று உச்சுக்கொட்டினார். அக்காவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. "பவ் நெமெய் மிஸ்ஸி, பிஹிய மொட்டய்" என்றார். பாவமெல்லாம் இல்லை, கத்திதான் மொட்டை என்று அர்த்தம். எந்த மொழியில் வந்தாலும் அந்த வார்த்தைக்கு அவர் வாசலில் இடமில்லை.

எனக்கு அப்படி ஒரு ரோசம் இருந்ததில்லை. யாராவது பாவம் பார்த்துப் பழைய உடுப்புத் தந்தால் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தவள் நான்.

லயத்துக்கு முன்னால், தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போகிற வழியில் அவருடைய செம்பருத்தி நின்றது. ஒரே செடியில் ஐந்து நிறம். சிவப்பு, மஞ்சள், ரோசா, காவி, அப்புறம் ஓர் அடுக்குச் சிவப்பு. ஐந்து செடிகளைச் சேர்த்து நட்டிருக்கிறார் என்றுதான் வருகிறவர்கள் நினைப்பார்கள். அக்கா சருகை விலக்கி அடித்தண்டைக் காட்டுவார். ஒன்றுதான் இருக்கும். ரப்பர் கன்று வளர்க்கும் தவறணையில் பல வருடம் ஒட்டுக் கட்டியவர் அவர். துளிர் வரும் இடத்தைத் தோட்டத்தில் கண் என்போம். நல்ல மரத்திலிருந்து அந்தக் கண்ணோடு ஒரு துண்டுப் பட்டையை எடுக்க வேண்டும். கன்றின் பட்டையில் அதே அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டி, உள்ளே வைத்து, பொலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். இருபத்தோரு நாள் கழித்துத்தான் கட்டைப் பிரிக்கலாம். தவறணையை மூடிய பிறகு அக்கா பால் வெட்டப் போய்விட்டார். ஆனால் கை சும்மா கிடக்கவில்லை. ரப்பருக்குச் செய்ததைச் செம்பருத்திக்குச் செய்து பார்த்தார். அதில் சம்பளமும் கிடையாது, பேரும் கிடையாது. வெறும் ஆசை.

அந்த நேரத்தில்தான் நான் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தேன். கையில் ஒரு நல்ல போன் இருந்தது, மனசு முழுக்க ஒரு கசப்பு இருந்தது. அங்கே என் மேடம் சமையல் வீடியோ போடுவார். வெட்டுவது, கிளறுவது, மாவு பிசைவது எல்லாம் என் கை. எடுப்பதற்கு முன்னால் தன் மோதிரங்களைக் கழற்றி என் விரலில் போட்டுவிடுவார். பார்க்கிறவர்களுக்கு அது மேடத்தின் கை. முடிந்ததும் மோதிரங்களை வாங்கி, சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத் தான் போட்டுக்கொள்வார். தான் முகம் காட்டிப் பேசும்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் நான்தான். கை கடுத்து ஆடினால் ஏச்சு விழும்.

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் "ஐயோ பாவம்" என்றார்கள். அக்கா மட்டும் வெற்றிலையை ஒதுக்கிவிட்டு, "அப்ப ஒனக்கு வெளிச்சம் புடிக்கத் தெரியும். எங்க, அந்த போன கொண்டா" என்றார்.

எங்கள் சேனல் தொடங்கியது இப்படித்தான்.

தொடங்குவது லேசாக இருக்கவில்லை. அக்கா பால் கொடுத்துவிட்டு வர நடுப்பகல் தாண்டிவிடும். இரண்டு மணிக்கு மழை வந்துவிடும். நடுவில் கிடைக்கிற ஒரு மணித்தியாலத்தில்தான் எடுக்க வேண்டும். போனை நிறுத்தத் தாங்கி கிடையாது. பால் வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் இரண்டு சிரட்டையை வைத்து, நடுவில் போனைச் செருகினோம். பக்கத்துக் காம்பராவில் ரேடியோ பாடும். அக்கா போய் வாசலில் நின்று முறைத்தால் நின்றுவிடும். எடுத்த வீடியோவைப் போடுவதற்கு மேட்டில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் போக வேண்டும். அங்கேதான் சிக்னல்.

முதல் நாள் அக்கா ஒரு அழகான கண்ணை எடுத்து, ஜன்னல் வெட்டி, வைத்துக் கட்டி முடித்தார். கத்தி ஒரு முறை கூடத் தயங்கவில்லை. நான் போனை எடுத்துப் பார்த்தேன். பதிவு பட்டனை அழுத்தவே இல்லை.

"இன்னொரு தடவ செய்யுங்கக்கா" என்றேன்.

"வெட்டுன பட்டைய திரும்ப வெட்டச் சொல்றியா? ஒன் மேடம் ஒனக்கு பட்டன் அமுக்க சொல்லித் தரலியா?"

அன்று வாங்கிய ஏச்சில் இரண்டு நாள் நான் சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கத்தியை எடுப்பதற்கு முன்னால் கேட்பார், "அமுக்கிட்டியா?" நான் அமுக்கிட்டேங்கா என்று சொன்ன பிறகுதான் கத்தி பட்டையில் படும்.

மற்ற எல்லாவற்றுக்கும் சண்டைதான். "வணக்கம் நண்பர்களே"ன்னு ஆரம்பிங்க என்றால், "நண்பர்களா? யாரு அவங்க? எனக்கு ஒருத்தரயும் தெரியாதே" என்பார். எடுத்த எடுப்பிலே "கத்திய பாருங்க" என்றுதான் தொடங்குவார். முகத்தைக் காட்ட விடமாட்டார்.

"மூஞ்சிய காட்டுனா மூஞ்சியத்தான் பாப்பாங்க. வெத்தல கறைய பாப்பாங்க. காதுல ஒண்ணும் இல்லன்னு பாப்பாங்க. அப்பறம் அந்த வார்த்தைய சொல்லுவாங்க. கைய மட்டும் எடு."

ஒட்டுப்பால் நாற்றம் போகாத கை அது. நகக்கண்ணில் காய்ந்த பால் எப்போதும் இருக்கும். எனக்கு அந்தக் கையை எடுக்கப் பிடிக்கும். மோதிரம் எதுவும் போடாமல், யாருடைய கையோ அவருடைய கையாகவே வீடியோவில் இருந்தது. இதை நான் அக்காவிடம் சொன்னதில்லை.

இருபத்தோரு நாள் விஷயத்திலும் முட்டிக்கொண்டோம். கட்டுகிறதையும் துளிர்த்ததையும் ஒரே வீடியோவில் காட்டினால்தான் ஆட்கள் பார்ப்பார்கள், ஏற்கனவே துளிர்த்த ஒரு கிளையைக் காட்டி முடித்துவிடலாம் என்றேன். அக்காவுக்கு வந்ததே கோபம்.

"அது வேற ஒட்டு, இது வேற ஒட்டு. பாக்குறவன ஏமாத்தச் சொல்றியா? இருபத்தோரு நா கழிச்சு வரச் சொல்லு. வர்றவன் வரட்டும். இன்னொண்ணும் சொல்றேன், அதயும் எடு. நடுவுல கட்ட பிரிச்சா கண்ணு செத்துரும்."

இருபத்தோராம் நாள் பிரித்தோம். அக்கா நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினார். உள்ளே பச்சை. அந்தப் பச்சையைப் போனுக்கு நேரே நெடுநேரம் காட்டிக்கொண்டே இருந்தார்.

பார்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் எம்பிலிப்பிட்டியவிலிருந்து ஒருவர் சிங்களத்தில் கேட்டிருந்தார், கத்தியை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று. அதை மூன்று முறை வாசிக்கச் சொன்னார் அக்கா.

"பாத்தியா? கத்திய பத்தி கேக்குறான்."

அந்த மனுசியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கலவானயிலிருந்து ஒரு சிங்கள அம்மா, அக்காவின் வீடியோவைப் பார்த்துவிட்டு, வெள்ளை இதழும் சிவப்பு நடுவுமாகப் பூக்கிற ஒரு செம்பருத்திக் கம்பை ஈரக் காகிதத்தில் சுற்றி, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பினார். அக்காவின் ஆறாவது நிறம். அந்தக் கம்பில் தேறிய கண் ஒன்றே ஒன்றுதான். அதைக் கட்டும்போது அக்கா மூச்சுக்கூட விடவில்லை.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குப் பேராசை. கொழும்பிலிருந்து ஊர் ஊராகப் போய் வீடியோ போடும் ஒருவன் இருந்தான். பெயரைச் சொன்னால் அவனுக்கு விளம்பரம், சொல்ல மாட்டேன். அவன் ஒரு முறை எங்களைக் காட்டினால் எங்கள் சேனலுக்கு ஆட்கள் வருவார்கள் என்று நானே அவனுக்கு எழுதினேன். பூவைப் பற்றி மட்டும்தான் எடுப்பான் என்று அக்காவிடம் சத்தியம் செய்தேன். அவர் அரை மனதாகத் தலையாட்டினார்.

வெள்ளைக் கண் கட்டி ஒன்பதாவது நாள் அவன் ஒரு வான் வண்டியில் வந்து இறங்கினான். கூடவே கமராவோடு ஒருவன். செடியைப் பார்த்து "சூப்பர்க்கா" என்றான். கமரா அதில் பத்து செக்கன் நின்றது. பிறகு கூரைத் தகரத்துக்குப் போனது. தகரத்திலிருந்து அக்காவின் காலுக்கு இறங்கியது.

"இந்த ஒரு ரூம்லதான் இருக்கீங்களா அக்கா? மழைக்கு ஒழுகுமா?"

"செடிய பத்தி கேளுங்க தம்பி."

"கேக்குறேங்கா. அதுக்கு முன்னாடி, அண்ணன் எறந்து எத்தன வருசம்?"

"இந்தா, இது ஆறாவது நெறம். ஒம்பது நாளாச்சு கட்டி."

"அந்தக் கட்டுக்குள்ள என்ன இருக்குன்னு காட்டுங்களேன்."

"இன்னும் பன்னண்டு நா இருக்கு. அப்ப வாங்க, காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனார். பிடிக்காதவன் வந்தாலும் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பத் தெரியாது அவருக்கு.

அவன் என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்கதானே சேனல் நடத்துறீங்க? நீங்க பிரிங்க. ரெண்டு செக்கன்தான், திரும்பக் கட்டிரலாம். இது இல்லாட்டி வீடியோ நிக்காது."

நான் பிரித்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. நடுவில் பிரித்தால் கண் செத்துவிடும் என்று அக்கா சொன்னபோது போனைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். நாடாவின் கடைசிச் சுற்றோடு அந்தத் துண்டுப் பட்டையும் கழன்று என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. மூன்று கிளாஸ் தேத்தண்ணியோடு அக்கா வெளியே வந்தது அப்போதுதான்.

அவர் என் கையைப் பார்த்தார். தட்டை வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் வைத்தார். ஏசுவார் என்று நின்றேன், ஏசவில்லை. இரண்டு கண்ணிலும் தண்ணீர் பொங்கி அப்படியே வழிந்தது. புருசன் சாவு வீட்டில் கூட அழாதவர். கமராக்காரன் இரண்டு எட்டு முன்னால் வந்து அவர் முகத்துக்கு நேரே நின்றான். அதற்குள் அந்தத் தம்பி வானுக்கு ஓடி, அரிசி, பருப்பு, பால்மா கட்டிய ஒரு பொதியைக் கொண்டுவந்து அக்காவின் கையில் திணித்தான்.

"இது என்னாத்துக்கு?"

"வச்சுக்கங்கக்கா."

அக்கா அதைக் கொண்டுபோய்த் திரும்ப வானுக்குள் வைத்தார். "தேத்தண்ணிய குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றார்.

வீடியோ மூன்றாம் நாள் வந்தது. அதில் செடி இல்லை. பொதியை வானில் வைத்ததும் இல்லை. பொதி கையில் இருக்கிறது, கண்ணீர் வழிகிறது, பின்னால் வயலின் இழுக்கிறது. முதலில் கண்ணீர், பிறகு பொதி என்றுதான் நடந்தது. அவன் பொதியை முன்னால் தூக்கிப் போட்டுவிட்டான். ஒரு நேரச் சோற்றுக்கு நன்றி சொல்லி அழுகிற தோட்டத்துப் பொம்பளை ஆகிவிட்டார் அக்கா. மேலே கொட்டை எழுத்தில் 'பாவம்'. எங்கள் வீடியோக்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். இதை நாடே பார்த்தது. கீழே ஆயிரம் பேர் ஆயிரம் முறை பாவம் என்று எழுதினார்கள். ஒரு செடி செத்ததற்கு ஒரு மனுசி அழ மாட்டாளா? தோட்டத்துக்காரி அழுதால் வயிற்றுக்குத்தான் அழ வேண்டுமா? அவ்வளவு பேரில் ஒருத்தருக்குக் கூட, ஏன் அழுகிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

அந்த வாரம் டவுனில் கடைக்கார நானா ஒருவர் காசு வாங்காமல் ஒரு பால்மாப் பைக்கற்றை அக்காவின் பையில் போட்டார். அக்கா எடுத்து மேசையில் வைத்துவிட்டு, வாங்கப் போன உப்பையும் வாங்காமல் வந்தார். பால் நிறுக்கும் இடத்தில் வரிசை முழுக்க விலகி நின்று அவருக்கு வழி விட்டது. அவர் வழக்கம் போலக் கடைசிக்குப் போனார். இந்த முறை யாரும் அவருக்கு முன்னால் போகவே இல்லை, யாருக்கும் சிரிப்பும் வரவில்லை. வாளியில் பால் கட்டிப்போகும் வரைக்கும் அப்படியே நின்றார்.

என்னோடு பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும். நான் இரண்டு முறை வாசலில் போய் நின்று "அக்கா" என்றேன். கதவு சாத்தியே கிடந்தது.

கட்டி இருபத்தோராவது நாள், நடுப்பகல் தாண்டி, சுவரில் தட்டினார்.

"போன கொண்டா."

போனேன். கவிழ்த்த வாளி, இரண்டு சிரட்டை, எல்லாம் தயாராக இருந்தது. நான் வழக்கம் போலக் கைக்கு நேரே போனை வைத்தேன்.

"இன்னைக்கு மூஞ்சிய எடு. அமுக்கிட்டியா?"

"அமுக்கிட்டேங்கா."

வெற்றிலைக் கறையோடு, காதில் ஒன்றும் இல்லாமல் நேரே பார்த்தார். "அந்த வீடியோவுல அழுதது நான்தான். சோத்துக்கு அழுவல. அந்த பொதிய நான் திருப்பிக் குடுத்துட்டேன். இந்தா, இதுக்குத்தான் அழுதேன்." காய்ந்து கறுத்த அந்த ஜன்னலை நகத்தால் சுரண்டிக் காட்டினார். "இருபத்தோரு நா கட்ட வேண்டியத ஒம்பதாம் நா பிரிச்சாங்க. செத்துருச்சு. பிரிச்சது யாருன்னு இப்ப சொல்லுவாங்க."

போனைச் சிரட்டையிலிருந்து எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். கை கொஞ்சமும் ஆடவில்லை.

"நான்தான் பிரிச்சேன்" என்றேன். "பிரிச்சா செத்துரும்னு தெரியும். தெரிஞ்சுதான் பிரிச்சேன்."

அடுத்த நாள் பகலில் இருவரும் தண்ணீர்த் தாங்கிக்கு ஏறிப் போய் அதைப் போட்டோம். அக்கா அங்கேயே குந்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு செய்தி வந்தது.

"என்ன எழுதியிருக்கான்? வாசி."

வாசித்தேன். "பாவம், அந்த வீடியோ எடுக்குற அக்கா. தெரியாமச் செஞ்சிருப்பாங்க. விட்டுருங்க."

காது இரண்டும் எரிந்தது. தெரிந்துதான் செய்தேன் என்று வாய் திறந்து சொல்லியிருக்கிறேன். அது அவன் காதில் ஏறவே இல்லை. செய்த தப்பைக் கூட எனக்கு மிச்சம் வைக்காமல், ஒன்றும் தெரியாத ஒருத்தியாக என்னை ஆக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். போனைப் பள்ளத்தில் எறியத்தான் கையை ஓங்கினேன்.

அக்கா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். பதின்மூன்று நாளைக்குப் பிறகு அன்றுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எப்புடி இருக்கு?" என்றார்.